‘மினிமல்’ விளம்பரம் தமிழுக்குச் சரிவராதா?

மாணவி_கொழும்பு6 | மார்ச் 3, இரவு 9.12

வடிவமைப்பு இரண்டாம் வருடம். இந்தத் தவணைப் பயிற்சி: பொது நூலகத்துக்கு ஒரு கற்பனை விளம்பரம், மூன்று மொழியிலும், கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் 20க்கு 10 அடிப் பலகை. வெள்ளைப் பின்னணி, மூலையில் சின்னதாக ஒரு திறந்த புத்தகம், ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் ‘கெட் லொஸ்ட் இன் எ புக்’. வடிவாக உட்கார்ந்தது. தமிழில் ‘ஒரு புத்தகத்தில் தொலைந்து போங்கள்’ என்று போட்டால் வரி நீளுது, எழுத்தைச் சிறிதாக்க வேண்டி வருது, முழுப் பலகையும் குலைஞ்சு போகுது.

என் எண்ணம்: இப்போதைய பாணிகள், அதாவது மினிமல் (மிகக் குறைந்த கூறுகளோடு வடிவமைப்பது), ஜியோமெட்ரிக் எழுத்து (வட்டமும் நேர்கோடும் வைத்து வரைவது), நிறைய வெற்றிடம், எல்லாம் லத்தீன் எழுத்துக்காகவே பிறந்தவை. தமிழ் இயல்பிலேயே நிறைந்த எழுத்து. பழைய கடைப் பலகைப் பாணிதான் அதற்குப் பொருந்தும். மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

எழுத்துக்காரர் | மார்ச் 3, இரவு 10.40

மறுக்கிறேன். முதலில் அந்த வரி. ‘தொலைந்து போ’ தமிழில் வசவு, தங்கச்சி. ‘போங்கள்’ என்று மரியாதை சேர்த்தாலும் வசவுதான். நூலகத்துக்கு வாவென்று கூப்பிட வேண்டிய பலகை, வீதியால் போகிறவரை ஏசிக்கொண்டு நிற்கும். வரி நீளுதா குறுகுதா என்று அளக்க முதல் இதைக் கவனித்திருக்க வேணும்.

இது உங்கள் ஒருவரின் பிழை இல்லை. கொழும்பில் முக்கால்வாசி மும்மொழி விளம்பரங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் லேஅவுட் முடித்து, வாடிக்கையாளர் ஓம் என்ற பிறகு, அந்தப் பெட்டிக்குள் தமிழை ஊற்றுகிறார்கள். கடைசியாக வந்து சேருகிற மொழி எதுவாக இருந்தாலும் பெட்டிக்கு வெளியே வழியும். தமிழை முதல் எழுதி, ஆங்கிலத்தைப் பிறகு ஊற்றிப் பாருங்கள். ஆங்கிலம்தான் ஒல்லியாக, அநாதையாக மிதக்கும்.

எழுத்துக்காரர் | மார்ச் 3, இரவு 11.05

மினிமல் பற்றி. வகுப்பில் எல்லோருக்கும் காட்டுகிற உதாரணம் 1959இன் வோக்ஸ்வேகன் விளம்பரம், ‘திங்க் ஸ்மோல்’. வெற்றிடத்தின் மேல் பக்கம் ஒரு சின்னக் கார், கீழே இரண்டே சொல் தலைப்பு. ஆனால் அதன் அடிப் பகுதியை உற்றுப் பாருங்கள்: மூன்று நிரலில் நெருக்கமான வாசகம் இருக்கிறது. அங்கே சுருங்கியது படம். சொல் வேண்டிய அளவுக்கு இருந்தது. இரண்டு சொல்லில் தலைப்பு எழுதத் தமிழுக்கு என்ன தடை? ‘ஆத்திசூடி’ இரண்டு மூன்று சொல்லில்தான் ஓடுகிறது.

மாணவி_கொழும்பு6 | மார்ச் 4, காலை 7.30

வசவு என்று நினைக்கவே இல்லை. இப்போது வாசித்தால் வேறு எதுவுமே கேட்கவில்லை. வரியை மாற்றுகிறேன். ஆனால் எழுத்தின் உயரப் பிரச்சினை அப்படியே இருக்குதே, அண்ணா? ஒரே பொயின்ட் அளவில் வைத்தால் தமிழ் பெரிதாகவும் நெருக்கமாகவும் தெரியுது.

எழுத்துக்காரர் | மார்ச் 4, மாலை 6.15

பொயின்ட் அளவை நம்பவே கூடாது. அது எழுத்துருவின் கற்பனைப் பெட்டியின் அளவு. கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் அளவு வேறு. இப்படிச் செய்யுங்கள்:

ஆங்கில வரியில் சிறிய ‘எக்ஸ்’ எழுத்தின் தலையில் ஒரு கைட் கோடு, பெரிய எழுத்தின் தலையில் இன்னொன்று. தமிழ் ‘ப’வின் தலை அந்த இரண்டுக்கும் நடுவில் வரும் வரை தமிழின் அளவை மாற்றுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ‘ப’ தான் அளவுகோல். சிங்களத்துக்கும் இதே வேலை: மேலே கீழே குறியில்லாத உருண்டை எழுத்து ஒன்றை எடுத்து அளக்கலாம்.

அடுத்தது தடிப்பு. ஆங்கிலம் போல்ட் என்றால் தமிழும் போல்ட் என்று அப்படியே தெரிவு செய்யாதீர்கள். ‘ண’வில் மூன்று வளைவு, ‘இ’, ‘ஞ’, ‘ஐ’ எல்லாம் உள்ளுக்குள் சுருண்ட எழுத்துகள். எக்ஸ்ட்ரா போல்ட் போனால் சுழி அடைபட்டு, தூரத்திலிருந்து ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு படி மெல்லியது சரியாக வரும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். மூன்று வரியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பொருந்திவிட்டது.

வரி இடைவெளி: ஆங்கிலத்துக்கு 120 சதவீதம் போதும் என்று பழகிய கை தமிழிலும் அதையே போடும். மேல் வரியின் ‘ழு’, ‘மூ’ கீழே இறங்க, கீழ் வரியின் ‘கீ’, ‘தி’ மேலே ஏற, இரண்டும் முட்டும். 140இல் தொடங்குங்கள், சில எழுத்துருவுக்கு 150 வேணும்.

எழுத்துக்காரர் | மார்ச் 4, மாலை 6.40

ஒன்று விட்டுப்போச்சு. இடம் போதாதபோது ஹொரிசொன்டல் ஸ்கேலை, அதாவது எழுத்தின் அகலத்தை, 80 சதவீதத்துக்கு இறக்குவது. வீதியெல்லாம் பார்க்கலாம். அப்படி நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே தடிப்பாக இருக்கும். ‘பா’வின் கால் நூலாக, அடிக்கோடு கயிறாக. ஒடுக்கமாக வேணுமென்றால் ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். ‘அனெக் தமிழ்’ வேரியபிள் எழுத்துரு. அகலத்தையும் தடிப்பையும் தனித்தனியாக நகர்த்தலாம், இலவசம். ஆனால் அனெக் குடும்பத்தில் சிங்களம் கிடையாது. மூன்று மொழியும் ஒரே குடும்பத்தில் வேணுமென்றால் ‘நோட்டோ சான்ஸ்’ இருக்கிறது. சாதுவான எழுத்து, எந்த வேலைக்கும் பிழை சொல்ல இயலாது. சிங்களத்துக்குக் கொஞ்சம் குணம் வேணுமென்றால் கொழும்பு மூனியாக் குழுவின் ‘அபய லிப்ரே’ பாருங்கள், அதுவும் இலவசம்.

அச்சுப்பக்கம் | மார்ச் 5, பகல் 1.20

பலகைக் கணக்கை ஒருவரும் தொடவில்லை. 20க்கு 10 அடி என்றால் இல்லஸ்ட்ரேட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில், 24க்கு 12 அங்குலம் ஆர்ட்போர்ட் போடுங்கள். படம் அந்த அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) இருந்தால் முழு அளவில் 30 வரும். தூரத்துப் பலகைக்கு அது போதும். பஸ் தரிப்பிடத்தில் ஆள் பக்கத்தில் நின்று பார்க்கிற பலகை என்றால் முழு அளவில் 100க்குக் குறையாமல் வேணும். ஓரத்தில் மடித்து ஒட்டிக் கண்ணி (கயிறு கட்டும் வளையம்) அடிக்க நான்கு பக்கமும் முழு அளவில் 3 அங்குலம் விட்டுத் தாருங்கள். எழுத்தை அதற்கும் உள்ளே தள்ளி வையுங்கள்.

பிளெக்ஸில் கறுப்புப் பின்னணி போடுகிறவர்கள் வெறும் கே 100 (கறுப்பு மை 100 சதவீதம்) மட்டும் போட்டால் வெயிலில் சாம்பலாகத் தெரியும். சியான் 60, மஜென்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. ஆனால் இந்தக் கலவையைச் சின்ன எழுத்துக்குப் பாவிக்கக் கூடாது. ஒப்செட்டில் நான்கு தட்டும் ஒரு மயிரிழை விலகினாலே எழுத்தைச் சுற்றி நிறக்கரை வரும், தமிழில் முதல் சாவது புள்ளி. சின்ன எழுத்து கே 100 மட்டும், ஓவர்பிரின்ட் (பின்னணி நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது).

எழுத்துக்காரர் | மார்ச் 5, இரவு 9.50

மேலே சொன்னதோடு தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம். இந்தத் தலைப்பின் மொத்த விஷயமே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகுதென்று வையுங்கள். செக்கனுக்கு 11 மீற்றர். 60 மீற்றர் தூரத்தில் பலகை வாசிக்கத் தொடங்கினால் கடக்க 5 செக்கன் சொச்சம். அதற்குள் படத்தையும் பார்த்து வரியையும் வாசிக்க வேணும். ஆங்கிலத்தில் ஆறேழு சொல் என்பார்கள். தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டு நீளுவதால் மூன்று, கூடினால் நான்கு.

பெயர்ப்பலகை செய்கிறவர்களின் பழைய கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் வாசிக்கலாம். 60 மீற்றர் கிட்டத்தட்ட 200 அடி. எழுத்து உயரம் 20 அங்குலம். தமிழில் அது ‘ப’வின் உயரம். மேலே புள்ளியும் சுழியும், கீழே ‘கு’, ‘மூ’ இறங்க இடமும் சேர்த்தால் ஒரு வரிக்கு 32 அங்குலம் பிடிக்கும். சிங்களத்துக்கும் அவ்வளவு. ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் குறைய. ஆக மூன்று வரிக்கு 90 அங்குலம் சொச்சம். பலகையின் உயரமே 120.

மிச்சம் 30 அங்குலத்தில் படமும் வேணும், சின்னமும் வேணும், வெற்றிடமும் வேணும். நடக்காது. உங்கள் வெற்றிடத்தைத் தின்றது தமிழ் எழுத்து என்று நினைத்தீர்கள். தின்றது மூன்று மொழிகளையும் ஒரே பலகையில் ஒரே உயரத்தில் நிறுத்தும் முடிவு. வழி இரண்டு. ஒன்று, ஒரு பலகைக்கு ஒரு மொழி: வெள்ளவத்தையில் தமிழ்ப் பலகை, நுகேகொடையில் சிங்களப் பலகை, ஒரே படம். மற்றது, மூன்று மொழியிலும் ஒரே ஒரு சொல்.

மூன்றாவது வழியொன்று நடைமுறையில் இருக்கிறது: தமிழை மட்டும் 8 அங்குலத்துக்கு இறக்கிக் கீழ் மூலையில் போடுவது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தனியார் விளம்பரத்துக்கு அது பொருந்தாது, தெரியும். ஆனாலும் வீதியில் ஒரு மொழி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அதைப் பேசுகிற பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட வானிலிருந்து பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

மாணவி_கொழும்பு6 | மார்ச் 6, காலை 8.05

32 அங்குலம் என்று ஒருவரும் வகுப்பில் சொல்லவில்லை. இனி அங்குலத்தில்தான் யோசிக்கப் போறேன்.

வேறு ஒரு குழப்பம். போட்டோஷொப்பில் ‘கொ’ டைப் பண்ணினால் கொம்பு பின்னால் போய் நிற்குது. நண்பியின் மெஷினில் சரியாக வருது, அதே எழுத்துரு.

எழுத்துக்காரர் | மார்ச் 6, இரவு 8.30

எழுத்துருவில் பிழையில்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை இழுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி உங்கள் மென்பொருளில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

பழைய பதிப்பு போட்டோஷொப்: பிரிபரன்ஸஸில் டைப் பகுதி, அங்கே வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தெரிவு செய்யுங்கள். அதற்கும் முந்திய பதிப்புகளில் ‘மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏஷியன்’ என்று இருக்கும். புதிய கோப்பில்தான் வேலை செய்யும், ஆகவே மூடித் திறந்து புதிதாகத் தொடங்குங்கள். இல்லஸ்ட்ரேட்டர்: பிரிபரன்ஸஸில் இன்டிக் ஒப்ஷன்ஸை ‘காட்டு’ என்று வைத்து, பரகிராப் பனலின் மூலைப் பட்டியலில் சவுத் ஏஷியன் கம்போசரைத் தெரிவு செய்ய வேணும். இன்டிசைனில் அதே இடத்தில் வேர்ல்ட்-ரெடி பரகிராப் கம்போசர். இன்டிசைனில் இதைப் பரகிராப் ஸ்டைலுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பெட்டியில் மறுபடி உடையும்.

இன்னொன்று, ட்ராக்கிங். எழுத்துகளை அகட்டி வைப்பது இப்போதைய பாணி. அழகுசாதனம், கோப்பிக்கடை எல்லாவற்றிலும் அதுதான். தமிழில் 100 கொடுத்தால் ‘கா’வின் கால் ‘க’வை விட்டு நழுவி நடுவில் தனியாக நிற்கும், அது யாருடைய கால் என்றே தெரியாது. 0 விடுங்கள். மிஞ்சிப் போனால் 10, 15. காற்றோட்டம் வேணுமென்றால் சொல்லுக்கு வெளியே வையுங்கள்.

எழுத்துக்காரர் | மார்ச் 7, காலை 6.50

ஜியோமெட்ரிக் எழுத்துகள் பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வட்டமும் நேர்கோடும் வைத்துத் தமிழை வரையலாம், நன்றாகவும் வரும். ஓலையில் எழுத்தாணியால் எழுதி வந்த எழுத்து ஒரே தடிப்புக் கோட்டுக்குப் பழகியது. தடித்தும் மெலிந்தும் ஓடுகிற லத்தீன் அகலப் பேனையின் பழக்கம் அதற்கு இல்லை. ஒரே தடிப்புப் பாணி தமிழுக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்று சொல்ல முடியாது.

கெடுவது எங்கே என்றால், சுத்தமாக இருக்கட்டும் என்று வாலை வெட்டும்போது. ‘ர’வின் அடியில் உள்ள சரிந்த கோட்டை எடுத்துவிட்டால் அது வெறும் கால். ‘பரவி’ என்ற சொல் ‘பாவி’ ஆகிவிடும். ‘ஏ’யின் வாலை வெட்டினால் ‘எ’. அந்த வால் வீரமாமுனிவர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், குறிலையும் நெடிலையும் பிரிக்கவே வந்தது. புதிய எழுத்துரு எது கண்டாலும் முதலில் ‘பரவி பாவி எடு ஏடு’ என்று டைப் பண்ணிப் பாருங்கள். நான்கும் நான்காகத் தெரிந்தால் வாங்கலாம். வாலில்லாத ‘ர’ எங்கே கண்டாலும் பிழை.

எழுத்துக்காரர் | மார்ச் 7, இரவு 10.15

காலையில் எழுதிய கடைசி வசனம் பிழை. ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ மூன்றிலும் வாலில்லாமல் எழுதுவது பழைய அச்சு மரபு. காலுக்கு மேல் புள்ளியோ சுழியோ வராது என்பதால் அங்கே குழப்பமும் இல்லை. தனி ‘ர’வுக்குத்தான் வால் கட்டாயம்.

அச்சுப்பக்கம் | மார்ச் 9, பகல் 12.45

பாமினியை, அதாவது யூனிகோடு அல்லாத பழைய முறைத் தமிழ் எழுத்துருவை, பற்றி ஒரு சொல்லும் காணவில்லை. அச்சகத்துக்கு வருகிற தமிழ்க் கோப்புகளில் இன்னும் கனக்கப் பாமினிதான். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். அதை அப்படியே தட்டுக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். அனுப்ப முதல் கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுங்கள், எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும். ஆனால் அவுட்லைன் ஆக்காத மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்திருங்கள். விலை மாறினால் திருத்த அதுதான் வேணும்.

எழுத்துக்காரர் | மார்ச் 9, இரவு 9.00

ஓம். பாமினியை விட்டுவிடுங்கள், அழியட்டும்.

எழுத்துக்காரர் | மார்ச் 10, காலை 7.10

இரவில் சொன்னது அவசரம். பாமினி முறையில் செய்த அலங்கார எழுத்துருக்கள் ஏராளம், யூனிகோடில் அந்தளவு தெரிவு இன்னும் இல்லை. தலைப்புக்கு ஒரு சொல்லைப் பாமினியில் வைத்து அவுட்லைன் ஆக்குவதில் குற்றமில்லை. வாசகத்துக்கு மட்டும் வேண்டாம். அதே வாசகத்தை வாடிக்கையாளர் நாளைக்கு இணையத்தில் போடக் கேட்பார். மாற்றிக் கொடுத்தால் நடுவில் கிடக்கும் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து தமிழ் எழுத்தாகச் சிதறும், அடைப்புக்குறியும் மேற்கோளும் இடம் மாறும். வரிக்கு வரி வாசித்துத் திருத்த வேண்டி வரும்.

மாணவி_கொழும்பு6 | மார்ச் 12, இரவு 8.20

கறுப்பு வெள்ளையில் ஒரு முயற்சி செய்தேன். நடுவில் ஒரு முதியவரின் படம், புத்தகம் வாசிக்கிறார், நேரே பார்க்கிறார், சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, கீழே ஒரே ஒரு சொல். சுவிஸ் பாணி, அதாவது கட்டம் போட்டு அளந்து அடுக்கும் எளிய வடிவமைப்பு. வீட்டில் அம்மாவிடம் காட்டினேன், ‘ஆர் செத்தது?’ என்று கேட்டார்.

எழுத்துக்காரர் | மார்ச் 12, இரவு 8.55

அம்மா சொன்னது இந்த இழையிலேயே மிகச் சிறந்த விமர்சனம். கொட்டாஞ்சேனைச் சுவரில் கறுப்புக் கரையோடு ஒரு முகம் தெரிந்தால் அது கண்ணீர் அஞ்சலி. கண் அதைப் படிக்கிற விதம் ஏற்கெனவே பழகிவிட்டது, சுவிஸில் அந்தக் கட்டம் என்ன பொருள் தந்தாலும் சரி. கரையை எடுங்கள், முகத்தைப் பக்கவாட்டாகத் திருப்புங்கள், ஒரு நிறம் கொடுங்கள். நிறம் தெரிவு செய்யும்போதும் பச்சை, நீலம், சிவப்பு தனியாக வந்தால் தேர்தல் நேரத்தில் கட்சி நிறமாகத்தான் வாசிக்கப்படும். மஞ்சள் பாருங்கள்.

அச்சுப்பக்கம் | மார்ச் 13, காலை 11.30

ஏஐயில் செய்த போஸ்டர்களும் வரத் தொடங்கிவிட்டன. படம் பளபளப்பு, தமிழ் எழுத்தில்தான் கோளாறு. இல்லாத எழுத்து, புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில். எழுத்தை அது படமாகவே வரைகிறது. படத்தை எழுத்தில்லாமல் எடுங்கள், மேலே நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

எழுத்துக்காரர் | மார்ச் 13, இரவு 7.40

பழைய பாணிதான் தமிழுக்கு என்று தொடக்கத்தில் சொன்னீர்களே, அந்தப் பழையதை ஒருமுறை நேரில் பாருங்கள். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. வீரகேசரி 1930இலிருந்து, தினகரன் 1932இலிருந்து வருகிறவை. ஈய எழுத்து அளவுக்குத் தக்கபடி விளம்பரத்தை அடுக்கிய காலம் அது: எழுத்து முதல், படம் பிறகு. பென்சிலும் அடிமட்டமும் கொண்டு போய், தலைப்பின் உயரத்துக்கும் அதைச் சுற்றி விட்ட வெள்ளைக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பாணியைப் பிரதி பண்ண வேண்டாம், அளவை எடுங்கள்.

மாணவி_கொழும்பு6 | மார்ச் 18, இரவு 9.30

புதிய வரி. முதலில் ‘வாசி’ என்று போட்டேன். இரண்டே எழுத்து, பலகை நிறைய வெற்றிடம். ஆனால் பெரியவர்களைப் பார்த்து ‘வாசி’ என்று ஏவுவது போல் இருந்தது. ‘வாசியுங்கள்’ கடையில் கூப்பிடுவது போல். கடைசியில் ‘வாசிப்போம்’. தமிழில் இதை முதல் எழுதி, சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அதற்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு சொல்லில் எழுதினேன். மஞ்சள் பின்னணி. மூன்று சொல்லும் 20 அங்குலம். ஆனால் 32 அங்குலக் கணக்கில் படத்துக்கு இடம் இன்னும் போதாது.

எழுத்துக்காரர் | மார்ச் 18, இரவு 10.10

‘வாசிப்போம்’ நல்ல வரி. சொல்பவரும் சேர்ந்து வாசிக்கிறார்.

கணக்கில் என் பங்குக்கு ஒரு திருத்தம். 32 என்று சொன்னது மேலும் கீழும் குறி வருகிற வரிக்கு. உங்கள் சொல்லை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: வா, சி, ப், போ, ம். ஒன்றும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மேலே சுழியும் இரண்டு புள்ளியும் மட்டும். 26 போதும், 6 அங்குலம் மிச்சம். நீளமும் 20 அடிக்குள் தாராளமாக அடங்கும். அனெக்கில் வைத்தால் அகலத்தை நகர்த்தியே சரிசெய்யலாம். சிங்களச் சொல்லையும் இதேபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கீழே இறங்காததாகத் தெரிவு செய்தால் இன்னொரு 6. ஆங்கிலத்தில் ‘ஜி’, ‘வை’ இல்லாத சொல்லாகப் போடுங்கள்.

பிரின்டுக்குக் கொடுக்க முதல் ஏ4 தாளில் எடுத்து, 12 அடி தள்ளிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். 20 அடிப் பலகை ஏ4இன் நீளப்பக்கத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட 20 மடங்கு சுருங்கும். ஆக 12 அடியில் நிற்பது வீதியில் 240 அடியில் நிற்பதற்குச் சமன். அங்கிருந்து ‘ப்’பின் புள்ளி தனியாகத் தெரிய வேணும்.

மாணவி_கொழும்பு6 | மார்ச் 19, காலை 6.45

ஒட்டிப் பார்த்தேன். ‘ம்’மின் புள்ளி தெரியுது, ‘ப்’பின் புள்ளி பக்கத்து ‘போ’வின் கொம்போடு ஒட்டுது. போல்டிலிருந்து செமிபோல்டுக்கு இறக்கினேன். இப்போது இரண்டும் தெரியுது.